எறும்புக் கணக்கு

பேராசிரியர் இறந்து ஒரு வருஷம் ஆகியும் எல்லோரும் அவருடைய காதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கீத சாஸ்திரத்தில் தலையணை தலையணையாக மூன்று தொகுதி எழுதியவர், முந்நூற்றுச் சொச்சம் ராகங்களின் பிறப்பு வளர்ப்பைத் தோண்டியெடுத்தவர், அதெல்லாம் சரி. ஆனால் அந்தக் காது இருக்கிறதே, அது வேறு ஜாதி. பக்கத்து அறையில் யாராவது தம்பூராவுக்குச் சுருதி சேர்த்தால் இவர் இந்த அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே "ரெண்டாவது தந்தி" என்பார். போய்ப் பார்த்தால் இரண்டாவது தந்திதான் இறங்கியிருக்கும். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் பெரிய பெரிய வித்வான்களே ஒரு மடக்கு தண்ணீர் கூடுதலாகக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

இவ்வளவு பெரிய மனிதர் வாயைத் திறந்து ஒரு வரி பாடி யாரும் கேட்டதில்லை. பாடச் சொன்னால், ஆட்டத்துக்கு நடுவராக இருப்பவன் பந்தைத் தொடலாமா என்று எதிர்க்கேள்வி போடுவார். ஆகா, என்ன அடக்கம் என்று சீடர்கள் உருகிப்போவார்கள். அடக்கமாவது மண்ணாவது. மனிதருக்குப் பாட வராது. கொஞ்ச நஞ்சமல்ல, அறவே வராது. அது தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி.

அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தெருவே டீச்சர் என்று கூப்பிட, கட்டின புருஷனும் டீச்சர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். ராகத்தின் பெயரெல்லாம் டீச்சருக்குத் தெரியாது. ஆனால் சரியான பாட்டுக்கும் பூனைச் சண்டைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

தினமும் காலை ஆறே காலுக்குப் பேராசிரியர் தோளில் துண்டும் கையில் டேப் ரெக்கார்டருமாகக் குளியலறைக்குள் போவார். தாழ்ப்பாள் விழும். குழாய் திறக்கும். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு பாட ஆரம்பிப்பார். வார்த்தை கிடையாது, வெறும் ஆலாபனை. தினமும் அதே ஆலாபனை. வாளி நிறைந்தது தெரியாமல் பாடிக்கொண்டே இருப்பார். அடுப்படியிலிருந்து டீச்சர் "தண்ணி வழியுது" என்று குரல் கொடுத்தால்தான் கச்சேரி முடியும். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்து, "எப்படி இருந்தது?" என்பார். "நல்லா இருந்தது" என்பார் டீச்சர். முப்பத்தெட்டு வருஷம் இதே கேள்வி, இதே பதில். தன் முதுகு தனக்குத் தெரியாது, ஊரார் பிழையெல்லாம் கேட்கிற காதுக்குத் தன் பிழை கேட்கவில்லை பாவம் என்று டீச்சர் நினைத்துக்கொள்வார்.

இன்னொரு விநோதமும் உண்டு. குளித்து வந்ததும் சட்டைப்பையில் இருக்கிற சின்ன டைரியில் ஏதோ குறிப்பார். ஒருமுறை சட்டையைத் துவைக்கப் போடும்போது டீச்சர் பிரித்துப் பார்த்தார். திங்கள், 11 எறும்பு. செவ்வாய், 9 எறும்பு. புதன், 14 எறும்பு. மகாராசன் குளிக்கிற இடத்தில் எறும்பை எண்ணிக்கொண்டு நிற்கிறாரே, வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று டீச்சருக்குக் கோபம் வந்தது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் குளியலறை ஓரம் முழுக்க எறும்பு மருந்தால் கோடு போட்டார். டைரியில் எறும்பு குறையவே இல்லை. மருந்துக் கடைக்காரரை மாற்றினார். அப்போதும் குறையவில்லை.

பேராசிரியர் போன பிறகு, அவர் வேலை பார்த்த இசைக் கல்லூரியில் நினைவறை ஒன்று வைப்பதாக முடிவாயிற்று. அவர் பொருள்களைக் கேட்டு வந்தார்கள். டீச்சர் முன்யோசனைக்காரர். குளியலறைப் பாட்டு பதிவான நாற்பத்தோரு கேசட்டையும் பொறுக்கி எடுத்துப் பெட்டியில் பூட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். டைரியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் நாற்காலி, மூக்குக்கண்ணாடி, பேனாக்கள், டேப் ரெக்கார்டர் எல்லாவற்றையும் நிம்மதியாக எடுத்துக் கொடுத்தார். டேப் ரெக்கார்டரின் வயிற்றுக்குள் கடைசியாகப் பதிந்த நாற்பத்திரண்டாவது கேசட் உட்கார்ந்திருந்தது. கணக்கு டீச்சருக்கே கணக்கு தப்பிய இடம் அது.

நான்காம் நாள் காலை அடிக்குறிப்பு வந்து மணியடித்தார். கல்லூரியில் ஆய்வுத்துறைத் தலைவர், பேராசிரியரின் தலைமைச் சீடர். சின்ன வாக்கியத்தைக்கூட விளக்கம் சேர்க்காமல் முடிக்க வராததால் அந்தப் பட்டப்பெயர். காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்பார், ஆனால் காலையில் ஏற்கெனவே ஒன்று குடித்திருப்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்றும் சேர்ப்பார். அன்றைக்கு அவர் காபிகூடக் கேட்கவில்லை. டேப் ரெக்கார்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பொத்தானை அமுக்கினார்.

தண்ணீர் விழும் சத்தம். அதன் மேல் அந்தக் குரல்.

 நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவர் செத்த பிறகும் கெடப்போகிறாரே என்று டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அடிக்குறிப்பு எப்போது சிரிப்பார் என்று காத்திருந்தார். அடிக்குறிப்பு அழுதுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். சங்கீதம் தெரியாத ஒருவன் அதைக் கேட்டிருந்தால் யாரோ குளிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். அடிக்குறிப்பு படித்தவர். பேராசிரியரின் காது தப்பாது என்பது அவருக்கு இரண்டும் இரண்டும் நான்கு மாதிரி. ஆகவே அந்தக் குரல் போன இடமெல்லாம் வேண்டுமென்றே போன இடம். ஒரு ஸ்தாயிக்குள் இருபத்திரண்டு சுருதி என்று முன்னோர் வகுத்திருக்க, இவர் அந்த இருபத்திரண்டுக்கும் நடுவில் சந்து பொந்தெல்லாம் புகுந்து வந்திருக்கிறார். அதைவிடப் பெரிது தண்ணீர். வாளி நிறைய நிறைய அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறதல்லவா? அதைத்தான் தம்பூராவாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஆதார சுருதி அசையாம நிக்கணும்னுதான் இத்தனை காலமா நெனச்சிட்டிருந்தோம் டீச்சரம்மா. சார் அதையே நகர வெச்சிட்டாரு" என்றார் அடிக்குறிப்பு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கேசட்டின் கடைசியில் "தண்ணி வழியுது" என்று ஒரு பெண்குரல். அது யாருடையது என்று கேட்டார். டீச்சரால் மறுக்க முடியவில்லை. அடிக்குறிப்பு எழுந்து நின்று கும்பிட்டார். அப்படியானால் சார் உண்டாக்கிய இந்தப் புது ராகத்தைக் கூடவே இருந்து கேட்ட ஒரே சாட்சி நீங்கள்தான் என்றார்.

அவர் அடுத்துச் சொன்னதில்தான் டீச்சருக்கு உண்மையிலேயே கண் இருட்டியது. நினைவறைத் திறப்பு விழாவில் இந்த ராகம் அரங்கேறப்போகிறது. பாட ஒரு பிரபல பாடகி. வயலினுக்கு எறும்பு. கேசட்டின் பிரதி ஏற்கெனவே அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

எறும்பு யாரென்று சொல்லவேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் அந்த வயலின்காரர் ஒரு கச்சேரியில் மூன்று மணி நேரம் தேனாக வாசித்தார். மறுநாள் பத்திரிகையில் பேராசிரியர் எழுதிய விமர்சனத்தில் ஒரே ஒரு வரி: "நிஷாதம் ஓர் எறும்பு அளவு தாழ்ந்திருந்தது." ஏழு ஸ்வரங்களில் கடைசி ஸ்வரம் நிஷாதம். அது ஓர் எறும்பு இறங்கினால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள்கூட எறும்பு சார் இருக்காரா என்று கேட்டார்கள். மனிதர் அன்றோடு பேராசிரியரிடம் பேசுவதை நிறுத்தினார். சாவுக்கு வந்தபோதும் வாசல் கேட்டோடு நின்று, கைகூப்பிவிட்டுத் திரும்பிவிட்டார். பேராசிரியருக்கு அடுத்தபடி காது உள்ளவர் யாரென்று கேட்டால் எல்லோரும் கைகாட்டுவது அவரைத்தான்.

அவர் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தெரிந்தால் சும்மா இருப்பாரா? வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்திருக்கிறது. ஊரில் உள்ள வித்வான்களுக்கெல்லாம் மார்க் போட்டவருக்கு முதல் ஸ்வரமான சட்ஜம்கூடச் சேரவில்லை என்று மேடையிலேயே சொல்லலாம். அவர் எழுதிய மூன்று தொகுதியும் அப்புறம் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆகும். முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், புருஷனைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்ததாக ஆகும். டீச்சர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒத்திகைக்குக் கல்லூரியிலிருந்து கார் வந்தது. சாட்சிக்கு முன்வரிசையில் நாற்காலி. பாடகி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். பாவம், தவறாகப் பாட அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. எங்கே கோணலாகப் போகவேண்டுமோ அங்கே குரல் தானாக வழுக்கி நேரான ஸ்வரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் கீழே என்றார் அடிக்குறிப்பு. அவ்வளவு கீழே இல்லை என்றார். கீழே போய் லேசாக மேலே பார்க்கவேண்டும் என்றார். இரண்டு மணி நேரம் இப்படி. இருபது வருஷம் பாடுபட்டு ஒழித்ததையெல்லாம் இரண்டு மணி நேரத்தில் திரும்பக் கேட்டால் நான் எங்கே போவேன் என்று பாடகி தலையில் கைவைத்துக்கொண்டார்.

எறும்பு ஒத்திகைக்கு வரவில்லை. தனக்குக் கேசட் போதும் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க டீச்சரால் முடிந்ததே இல்லை. அவரையும் அறியாமல், "அப்படி இல்லம்மா, இப்படி" என்று வாய்விட்டு இழுத்தார்.

 பாடகியின் வாய் திறந்தபடி இருந்தது. அச்சு அசல் அதே கோணல், அதே வழுக்கல். டீச்சர் ஜென்மத்தில் பாடியவரல்ல. ஆனால் முப்பத்தெட்டை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினால் பதினாலாயிரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அத்தனை தடவை கேட்டால் சுவரும் பாடும். மேடையில் இவர்தான் பாடவேண்டும் என்று அடிக்குறிப்பு காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்த டீச்சருக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. தான் பாடினால், தப்பு என்று எறும்பு எழுந்து நின்றாலும் அந்தத் தப்பு யார் தலையில் விழும்? டீச்சருக்குப் பாட வரவில்லை, பேராசிரியர் பாடினதை இந்த அம்மாள் கெடுத்துவிட்டார் என்று போய்விடும். கணக்கு டீச்சருக்குப் பாட்டு வராததில் யாருக்கு என்ன மானக்கேடு? அவர் பெயர் தப்பித்துவிடும். டீச்சர் சரி என்று தலையாட்டினார்.

விழாவுக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடை நடுவில் டீச்சர் வீட்டு எவர்சில்வர் வாளி. வேறு வாளி வைத்தால் நாதம் மாறிவிடும் என்பது அடிக்குறிப்பின் கட்சி. பக்கவாத்தியமாகக் குழாய் ரிப்பேர்காரர் ஒருவர், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ரப்பர் குழாயோடு உட்கார்ந்திருந்தார். எந்த வேகத்தில் திறப்பது என்று அவர் கேட்க, கால் திருகு என்று அடிக்குறிப்பு சொல்லி, அதையும் நிகழ்ச்சிக் குறிப்பில் அச்சடித்திருந்தார்.

எறும்பு வந்தார். ஒல்லியாக, நெட்டையாக, எதற்கும் சிரிக்காத முகம். வயலினைச் சுருதி சேர்த்துவிட்டு டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.  கடவுளே, எதுவானாலும் என் தலையோடு போகட்டும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

குழாய் திறந்தது. தண்ணீர் விழுந்தது. டீச்சர் கண்ணை மூடினார். மூடினதும் மண்டபம் போய்விட்டது. அடுப்படி வந்தது. பால் பொங்குகிற நேரம், மூடின கதவு, அதற்குப் பின்னால் அவர். ஒரு வருஷமாகக் காலை ஆறே கால் என்றால் டீச்சருக்குக் காதடைத்ததுபோல் இருக்கும். இன்றைக்குத்தான் அடைப்பு விட்டது. தன் வாயிலிருந்தே அவர் வந்துகொண்டிருந்தார். டீச்சருக்கு அழுகை முட்டியது. அதையும் அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சாக வாங்கிக்கொண்டு பாடினார்.

வயலின் கூடவே வந்தது. திருத்தவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை. டீச்சர் பள்ளத்தில் விழுந்த இடத்தில் தானும் விழுந்தது, முட்டிக்கொண்ட இடத்தில் தானும் முட்டிக்கொண்டது.

வாளி நிறைந்தது. குழாயை மூடவேண்டிய ரிப்பேர்காரர் பாட்டில் சொக்கிப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேடையில் ஓடியது. டீச்சர் கண்ணைத் திறக்காமலே, வழக்கம்போல, "தண்ணி வழியுது" என்றார்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மைக்செட்காரர் செருப்பை விட்டுவிட்டு ஓடிப்போய் மின் இணைப்பைப் பிடுங்கினார். அதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் சின்ன அறையில் டீச்சர் நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். எறும்பு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"டீச்சர், சாருக்குப் பாட வராது. அதானே?"

டீச்சர் பிழிவதை நிறுத்தினார். நான்தான் கெடுத்துவிட்டேன் என்று சொல்வதற்காகத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைக் கைவிட்டார். இந்தக் காதிடம் பொய் சொல்ல முடியாது.

"வராது" என்றார். "வெளியில சொல்லிடாதீங்க. உங்களுக்கு அவர் பண்ணினது பெரிய தப்புதான். ஆனா அவர் தெரிஞ்சு பாடல. தான் பாடறது சரின்னே நெனச்சிட்டிருந்தாரு."

"என்னோடது ஒரு எறும்பு. அதுக்கு முப்பது வருஷம்" என்றார் அவர். "இந்தக் கேசட்ல எத்தனைன்னு பத்து நாளா உக்காந்து எண்ணினேன். பதிமூணு."

டீச்சரின் கை கைப்பையைத் தேடியது. டைரியை எடுத்துக் கடைசியாக எழுதிய பக்கத்தைப் பிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் எழுதியது. 13 எறும்பு என்று இருந்தது. எறும்பு மருந்துக் கடைக்காரரோடு போட்ட சண்டையெல்லாம் டீச்சருக்கு ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு விமர்சனத்தில் வந்த எறும்பையும் டைரி எறும்பையும் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

எறும்பு டைரியை வாங்கினார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தார்: "பதிமூன்று. டீச்சர் நல்லா இருந்தது என்றாள். பொய். நாளைக்கும் கேட்பேன்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேராசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருஷமும் தெரிந்திருக்கிறது. அந்தப் பொய்யைக் கேட்பதற்காகவே தினமும் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார்.

எறும்பு பக்கங்களைப் புரட்டி டைரியின் முதல் பக்கத்துக்குப் போனார். ஒவ்வொரு வருஷமும் புது டைரியில் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்கிற வரிபோல, அடிக்கோடிட்டு ஒன்று இருந்தது. அதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. நீண்ட நேரம் பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். "நான் இதுவரை அளந்ததில் ஆகக் குறைவு: ஒன்று. வயலின்காரர். என்னுடையது ஏழுக்குக் கீழே இறங்கியதே இல்லை. பொறாமையாக இருக்கிறது."

எதற்கும் சிரிக்காத அந்த முகம் கோணிக்கொண்டு போயிற்று. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார்.

"இன்னைக்கு நான் பாடினது எத்தனை?" என்று கேட்டார் டீச்சர்.

"அவர்கிட்டேருந்தா? ஒரு எறும்புகூட விலகல டீச்சர்."

கதவைத் தள்ளிக்கொண்டு அடிக்குறிப்பு வந்தார், முழங்கால்வரை ஈரமாக, கையில் நோட்டுப்புத்தகத்தோடு. விழா மலருக்கு எறும்பு சாரின் கருத்து வேண்டும், விரிவாக, அதிலும் அந்தச் சுருதி இடைவெளிகளைப் பற்றி, ஏனென்றால் இதைச் சொல்லத் தகுதியுள்ள காது இன்றைக்கு வேறு கிடையாது என்றார். டீச்சர் வயலின்காரரைப் பார்த்தார்.

அவர் டைரியை மூடி டீச்சரின் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தார்.

"நல்லா இருந்தது" என்றார்.